இரண்டு பெட்டிக்கும் வெள்ளைக் கயிறு

மே 16, வெள்ளி

வெற்றிலை மூன்று கட்டு குப்பைக்குப் போனது. நானே கொண்டுபோய்ப் போட்டேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, மகாலட்சுமி என்று கும்பிடுகிற இலையைக் கறுப்புப் பையில் முடிச்சுப் போட்டு, குப்பை லோரி வருவதற்குள் வாசலில் வைத்தேன். சோப்புப் போட்டும் கையில் அழுகல் வாடை போகவில்லை.

இவரிடம் கேட்டேன். "செலாயாங் மார்க்கெட்ல மொத்தமா எடுத்தா மலிவு உஷா" என்றார். மலிவாக வாங்கி அழுக விடுவதற்குப் பெயர் வியாபாரமா?

இது புது நோட்டு. முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் வந்து "அப்படியெல்லாம் இல்லையே" என்று சொல்லக்கூடாது. கிள்ளானில் பூசை சாமான் கடை நடத்துவது என் கணவர் பாலன். ஆனால் பெட்டி கட்டுவது என் வீட்டுப் பின்னறையில், சாமி அறைக்கு அடுத்த சுவரில். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை — ஐயர் கேட்கிற சாமான் அத்தனையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுப்போம். அதைச் 'செட்' என்போம். இறந்தவர்களுக்குப் பதினாறாம் நாள் செய்கிற காரியத்துக்கும் ஒரு செட் உண்டு. அதன் பெயரை இந்த வீட்டில் சொல்வதில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். 'அந்த செட்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

கட்டுவது வீரம்மாக்கா. பதினான்கு வருடமாக. காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பார்.

நான் கணக்கு எழுதுகிறவள். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். மற்றதெல்லாம் நூலகத்துப் புத்தகமும் அகராதியும் வைத்து நானாகக் கற்றுக்கொண்டது. பொங்கலிலிருந்து தனியாக இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறேன். எது குப்பைக்குப் போனது, எது தப்பாகப் போய்த் திரும்பி வந்தது என்று. தப்பு மட்டும் இதுவரை முப்பத்தேழு. இவர் அந்த நோட்டைத் திறந்து பார்த்ததே இல்லை.

மே 20, செவ்வாய்

கற்பூரம் நாற்பது டப்பா வந்து இறங்கியது. ஏற்கெனவே இருபத்தாறு இருக்கிறது. காற்றிலேயே கரைந்துபோகிற பொருள். கேட்டேன். "ஆஃபர்லா." அதோடு பேச்சு முடிந்தது.

மே 24, சனி

காதுகுத்துப் பெட்டி ஒன்று திரும்பி வந்தது. சந்தனம் இல்லையாம். கடையிலிருந்து இவர் போனில் கத்துகிறார். வீரம்மாக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுப் பாக்கு எண்ணிக்கொண்டே பதில் சொல்கிறார்.

"பாஸ், நீங்க போன்ல சொன்னது மூணு பெட்டி. துண்டுச் சீட்டுல எழுதி அனுப்புனது ரெண்டு. வேன்ல ஏத்தச் சொன்னது நாலு. நான் என்ன, ஆண்டவனா?"

"சந்தனம் எங்கக்கா?"

"சந்தனம் தீந்து அஞ்சு நாளாச்சு பாஸ். கற்பூரம் வேணா வைக்கவா? கொட்டிக் கெடக்கு."

நான் சிரித்துவிட்டேன். இவருக்குக் கேட்டிருக்கும். சாயங்காலம் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆர்டர் எல்லாம் ஒரே புத்தகத்தில் எழுதுங்கள் என்றேன். ஒன்று போனில், ஒன்று வாட்ஸ்அப்பில் குரலாக, ஒன்று நாசி லெமாக் சோறு மடித்த தாளின் பின்பக்கத்தில் — இதை வைத்துக்கொண்டு யார்தான் தப்பில்லாமல் கட்டுவது? "பதினாலு வருஷமா இப்படித்தானே ஓடுது" என்றார்.

ஓடுது. எங்கே ஓடுது என்று பார்க்கிறவர் யார்?

ஜூன் 7, சனி

ராயா ஹாஜிப் பெருநாள் லீவு. வழக்கமான டிரைவர் இல்லை. இவருடைய தம்பி வாசு தன் வேனோடு வந்தான். நாளை மறுநாள் வைகாசி விசாகம், பால்குடச் சாமான் மட்டும் பதினெட்டு. அதோடு பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு கல்யாணச் செட். பண்டமாரானுக்கு அந்த செட் ஒன்று. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனான்.

வீட்டில் உட்கார இடமில்லை. கால் வீங்கிவிட்டது. கயிறு வேறு தீர்ந்துவிட்டதாம், திங்களுக்குள் வாங்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

பெட்டி மாறிவிட்டது.

முருகா.

காலை ஆறு நாற்பதுக்குப் போன். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்திலிருந்து பெண்ணின் அப்பா, குரு சார். மணமேடையில் ஐயர் பெட்டியைப் பிரித்திருக்கிறார். மேலே வெள்ளைத் துண்டு. அடியில் கறுப்பு எள். மண் கலயம். பெண்ணின் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். யாரோ அதையும் வீடியோ எடுத்திருக்கிறார்கள்.

இவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினார். அதற்குள் நான் இன்னொரு பெட்டி கட்டிக் கொடுத்தேன்.

ஏழேகாலுக்கு இன்னொரு போன். பண்டமாரான். நான்தான் எடுத்தேன். ஓர் ஆம்பளைக் குரல், மெதுவாக. "அக்கா, பெட்டி மாறி வந்திருக்கு போல. பரவால்ல. நாங்க பக்கத்துல வாங்கிக்கிறோம்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மஞ்சள். குங்குமம். மல்லிகைச் சரம். இரண்டு டஜன் கண்ணாடி வளையல். புருஷனைப் பறிகொடுத்தவள் முன்னால் அதைப் பிரித்து வைத்திருப்பார்கள்.

பண்டமாரானுக்கு யார் போறீங்கன்னு இவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அதான் அவங்க பரவால்லன்னு சொல்லிட்டாங்களே, இங்க நான் கால்ல விழாத குறையா நிக்கிறேன், நீ வேற" என்கிறார். கத்துறவங்க கால்ல விழணும், கத்தாதவங்கள விட்டுடணும் — அப்படித்தானே? நல்ல நியாயம்.

ஜூன் 9, திங்கள். விசாகம்

மண்டபத்தில் நடந்ததை, நேற்று இவரோடு வேனில் போன வாசு இன்றுதான் சொன்னான். சொல்லும்போது தலை நிமிரவில்லை. பெண்ணின் அம்மா கேட்டாராம், இந்தப் பெட்டியைக் கட்டினது யார் என்று. இவன் சொல்லியிருக்கிறான், வீரம்மாக்கா என்று. யார் அவங்க? வயசானவங்க, புருஷன் இல்லாதவங்க. "அதான்" என்றாராம் அந்த அம்மா. அந்த ஒரு சொல்தான். பத்து நிமிடத்தில் மண்டபம் முழுவதும் அதுவே பேச்சு. குரு சார் அவர்கள் குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டார். 'கல்யாணச் சாமானை விதவை கையால் கட்ட வைக்கும் கடை.'

அதை ஏன்டா சொன்னே என்றேன். "கேட்டாங்க அண்ணி, சொன்னேன்." பெட்டியை ஏத்துனது யாரு, இறக்குனது யாருன்னு கேட்டா அதையும் சொல்லியிருப்பியா?

இவர் காலையிலேயே வீரம்மாக்காவுக்குப் போன் செய்துவிட்டார். "கொஞ்ச நாளைக்கு வீட்டுல ரெஸ்ட் எடுங்கக்கா." பக்கத்தில்தான் நின்றேன். "சரி தம்பி" என்றார் அக்கா.

பதினான்கு வருடமாக வாய் நிறைய 'பாஸ்' 'பாஸ்' என்றவர்.

கோவிலுக்குப் போனேன். பால்குடம் பார்த்தேன். ஒன்றும் வேண்டிக்கொள்ள வரவில்லை. நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

சண்டை. அக்கம் பக்கத்தில் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

"விதவை கைன்னா, பதினாலு வருஷமா கல்யாணப் பெட்டி எல்லாம் எந்தக் கை கட்டுச்சு? அந்தத் தாலியெல்லாம் இப்ப அறுந்தா போச்சு?"

"ஊர் வாய மூட முடியுமா உஷா? தீபாவளி வரைக்கும் புக்கிங் இருக்கு. நேத்து மட்டும் ரெண்டு பேரு கேன்சல் பண்ணிட்டாங்க."

"தப்பு யாரோடது?"

"கட்டுனவங்களோடதுதான். பின்ன யாரோடது?"

"கயிறு தீந்துபோச்சுன்னு அவங்க சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க? நான் அடுப்படில இருந்தேன். என் காதுல விழுந்துச்சு. 'இருக்கிறத வெச்சுக் கட்டுக்கா, வாசு வேன ஸ்டார்ட் பண்ணிட்டான்.' சொன்னீங்களா இல்லையா?"

எழுந்து போய்விட்டார்.

அதுதான் நடந்தது. நல்ல காரியத்துக்கெல்லாம் சிவப்பு ரஃபியா பிளாஸ்டிக் கயிறு. அந்த செட்டுக்கு வெள்ளை. பெட்டியைப் பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும், கயிறுதான் அடையாளம். சனிக்கிழமை இரண்டுக்கும் வெள்ளை. வீரம்மாக்கா வாசுவிடம் வாயால் சொல்லியிருக்கிறார், இடது பக்கம் கல்யாணம், வலது பக்கம் மற்றது என்று. பால்குடச் சாமான் ஏற்ற இடமில்லாமல் இவன் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றியிருக்கிறான். அப்புறம் எது இடது, எது வலது?

வீரம்மாக்கா தப்பு இதில் எங்கே இருக்கிறது? எங்க இருக்குன்னு கேக்கிறேன்!

இதை நிரூபிக்காமல் விடமாட்டேன். அவர் பெயர் துடைக்கப்பட வேண்டும். இந்த வீட்டிலும், அந்த மண்டபத்திலும்.

ஜூன் 11, புதன்

இன்று பெட்டிகளை நானே கட்டினேன். ஆறு. நிதானமாகத்தான் கட்டினேன். மூன்றில் தப்பு. ஒன்றில் நூல் இல்லை. ஒன்றில் இரண்டு தீப்பெட்டி. ஒன்று வளைகாப்புக்குப் போக வேண்டியது, அதில் வளையலே இல்லை. கடையில் பிரித்துப் பார்த்ததால் தப்பியது.

கணக்கில் ஒரு சென் காசு விட்டதில்லை என்று பெருமை பேசுகிறவள் நான்.

வீரம்மாக்கா ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டுவார்.

ஜூன் 12, வியாழன்

பண்டமாரான் போனேன். கிராப் டாக்சி பிடித்து, தனியாக. இவரிடம் சொல்லவில்லை.

நல்லம்மாள் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். புருஷன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், மாரடைப்பு. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாயைத் திறக்குமுன் அவர் உள்ளே போய் ஒரு பை எடுத்து வந்தார். வளையல். துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"திருப்பிக் குடுக்கணுமேன்னு எடுத்து வெச்சேன். ரெண்டு ஒடைஞ்சுபோச்சு. மாமியார் தட்டி விட்டுட்டாங்க."

வேண்டாம் அம்மா, நாங்கள் செய்தது பெரிய பாவம் என்றேன்.

"பாவமெல்லாம் பெரிய பேச்சுக்கா. பதினாறு நாளா ஆளாளுக்கு எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்டே இருந்தாங்க. பூவ எடுத்தாங்க, பொட்ட எடுத்தாங்க. ஒங்க பெட்டி ஒண்ணுதான் குடுத்துச்சு." சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டார். "ஆனா எப்படிக்கா மாறும்? பெட்டி மேல எழுதியிருக்க மாட்டீங்களா?"

கயிறு அடையாளம், கயிறு தீர்ந்துவிட்டது என்று என்னவோ சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பியது போலத் தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

புனிதா வந்தாள். என் மகளுக்குச் சுங்கை வேயில் ஒரு பேக்டரியில் வேலை, கெட்ட பொருள் வெளியே போகாமல் பார்க்கிற வேலை. வேலைக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறாள், வாரக் கடைசியில் வருவாள். எல்லாவற்றையும் கொட்டினேன். என் தப்புக் கணக்கு நோட்டையும் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள்.

"அம்மா, இத யாரு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தா? எங்க பேக்டரில இதுக்கு ஒரு டிபார்ட்மெண்டே இருக்கு."

யாரும் சொல்லித் தரவில்லை, வயிற்றெரிச்சல் என்றேன்.

பையிலிருந்து ஒரு ஃபாரம் எடுத்துக் கொடுத்தாள். ஒரு தப்பு நடந்தால் அங்கே நிரப்ப வேண்டியதாம். ஏன் என்று கேட்டுப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு மறுபடி ஏன். ஐந்து தடவை. ஒரே நிபந்தனை, எந்தக் கட்டத்திலும் ஆள் பெயர் எழுதக்கூடாது.

"ஆள் பேர எழுதினா தேடுறது அங்கயே நின்னுடும்மா. திட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. மறு மாசம் அதே தப்பு திரும்ப வரும்."

எனக்குப் பிடிக்கவில்லை. இவர் பெயரையும் வாசு பெயரையும் பெரிசாக எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். இருந்தாலும் உட்கார்ந்தேன்.

பெட்டி ஏன் மாறியது? இரண்டுக்கும் ஒரே கயிறு.

ஏன் ஒரே கயிறு? சிவப்பு தீர்ந்துவிட்டது.

தீரும் வரை ஏன் தெரியவில்லை? எது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வழக்கமே இல்லை. தேவை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதில்லை, மலிவாகக் கிடைத்தால் வாங்குகிறோம். கற்பூரம் மலை போல, கயிறு இல்லை, சந்தனம் இல்லை, வெற்றிலை அழுகல். இங்கே எனக்குக் கை நன்றாக ஓடியது. இவருக்குக் காட்ட வேண்டும் என்று அழுத்தி எழுதினேன்.

ஏன் கயிற்றை மட்டும் நம்பியிருந்தோம்? பெட்டி மேல் எதுவும் எழுதுவதில்லை.

ஐந்தாவது ஏன்.

அடுப்பில் பால் பொங்கியது. எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 14, சனி

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

நான்கு நாளாக அந்தத் தாளைச் சாமி அறை அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இன்று எடுத்தேன்.

பெட்டி மேல் ஏன் எழுதுவதில்லை?

நான் வேண்டாம் என்றேன்.

நான்தான். கடை திறந்த முதல் வருடம். இவர் ஒரு பெட்டி மேல் தடித்த மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு விளக்கேற்றி வருகிறேன், கண்ணில் பட்டது அந்தச் சொல். கத்தினேன். இந்த வீட்டில், முருகன் படத்துக்கு அடுத்த சுவரில், அந்தச் சொல் எழுத்திலும் வரக்கூடாது, வாயிலும் வரக்கூடாது. ஒன்றில் எழுதி ஒன்றில் எழுதாமல் விட்டாலும் பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிடும், எதிலுமே எழுத வேண்டாம் என்றேன். வீரம்மாக்கா அன்றைக்கே கேட்டார், "எழுதலன்னா எப்படிம்மா தெரியும்?" கயிறப் பாத்தா தெரியும் என்றேன். புத்திசாலி போல.

இன்னும் இருக்கிறது. ஐந்தோடு நிற்கட்டும் என்றுதான் பார்த்தேன், நிற்கவில்லை. அந்தச் செட்டை நான் இதுவரை தொட்டதில்லை. எள்ளைக்கூட எடுத்துப் போட்டதில்லை. "அதை மட்டும் நீங்க பாத்துக்குங்கக்கா" என்பேன். ஏன் அக்கா? ஏன் நான் இல்லை? எனக்குப் புருஷன் இருக்கிறார், அவருக்கு இல்லை. வாய் திறந்து சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? குரு சார் மனைவி 'அதான்' என்று ஒரு சொல்லில் சொன்னதை நான் பதினாலு வருஷமா சொல்லாமலே செஞ்சிருக்கேன். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? பக்தியாம் பக்தி. வெள்ளிக்கிழமை விரதம். சீ.

ஆள் பெயர் எழுதக்கூடாதாம். எழுதினேன். உஷாராணி.

எழுதிவிட்டு, கடைசியில் ஃபாரம் சொல்கிறபடி அடித்துவிட்டேன். 'கருமாதி என்ற சொல்லை எழுதக்கூடாது என்ற விதி' என்று எழுதினேன். எழுதியாயிற்று. கருமாதி. கருமாதி. வீடு இடிந்து விழவில்லை.

ஜூன் 18, புதன்

இவரிடம் தாளைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். மூன்றாவது கட்டத்தில் முகம் சுருங்கியது. ஐந்தாவதில் மலர்ந்தது.

"பாத்தியா! ஊரெல்லாம் சுத்திக் கடைசில ஒன் தலைலயே வந்து நிக்குது!"

அந்தச் சிரிப்பு! பத்து நாளாக என் வாய்க்குப் பயந்திருந்த மனிதர். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கற்பூர மலையைக் கொளுத்தியிருப்பேன்.

"ஆமா, என் தலைலதான். நான் ஒத்துக்கிட்டேன். இப்ப அக்காவக் கூப்பிடுங்க."

சிரிப்பு நின்றது. "அது வேற விஷயம் உஷா."

"என்ன வேற?"

"கஸ்டமருக்கு நாம என்ன சொல்றது?"

சரி. நீங்க சொல்ல வேணாம்.

ஜூன் 20, வெள்ளி

பூசை முடித்துவிட்டு மார்க்கரை எடுத்தேன். இன்று போக வேண்டிய ஐந்து பெட்டியிலும் எழுதினேன். என்ன காரியம், யார் வீடு, எந்தத் தேதி. கடைசிப் பெட்டியில் 'கருமாதி'.

இவர் எட்டிப் பார்த்தார். "சாமி ரூம் பக்கத்துலயா எழுதற?"

"முருகனுக்கு இத்தனை நாளா பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமலா இருந்துச்சு?"

சாமான் பட்டியலைத் தட்டச்சு செய்து புனிதா ஐம்பது பிரதி அனுப்பியிருக்கிறாள். பெட்டிக்குள் ஒன்று ஒன்றாக வைக்க வைக்கப் பென்சிலால் கோடு போட வேண்டும், பட்டியலும் பெட்டிக்குள்ளேயே போகும். ஆர்டர் எழுத ஒரே புத்தகம், அதைப் போன் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டேன், வங்கியில் பேனா கட்டுகிற மாதிரி. அதில் இல்லாததைக் கட்டமாட்டேன் என்று இவரிடம் சொன்னேன். முனகினார். அலமாரியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான் வாங்கலாம். செலாயாங்கில் என்ன மலிவாக இருந்தாலும் சரி.

வாசுவுக்கும் ஒரு வேலை. கொடுக்கும் வீட்டு வாசலிலேயே பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். "நேரமாகும் அண்ணி" என்றான். ஆகட்டும்.

இன்று தப்பு இல்லை. ஒன்றுகூட.

சந்தோஷப்பட முடியவில்லை. இதைப் பதினான்கு வருடத்துக்கு முன் செய்திருக்கலாம். அன்றைக்கே அக்கா கேட்டாரே.

ஜூன் 22, ஞாயிறு

வீரம்மாக்காவின் ஃபிளாட், நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து, "மூச்சு வாங்குது, உக்காருங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. டீ போட்டார்.

நான் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாசிச்சுச் சொல்லுங்க என்றார். வாசித்தேன். ஐந்தாவதையும் வாசித்தேன். ஃபாரத்தில் எழுதாததையும் சொன்னேன். எள் விஷயம். அந்தச் செட்டை ஏன் எப்போதும் அவரிடம் தள்ளினேன் என்பது.

"தெரியும்மா" என்றார். டீயை ஆற்றிக்கொண்டே. "மொத நாளே தெரியும். வேலன்னு வந்துட்டா எல்லாத்தயும்தான தொடணும்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா? கல்யாணப் பெட்டியயும் தொடாதன்னு சொல்லியிருப்பீங்க. எனக்குக் கல்யாணப் பெட்டி கட்டத்தான் புடிக்கும்."

தலையைக் குனிந்துகொண்டேன். திரும்ப வாங்கக்கா என்றேன்.

"சம்பளத்துக்கா சொல்றீங்க? மக குடுக்குறா. எம்பேரு போச்சும்மா. நேத்து மார்க்கெட்ல ஒருத்தி கேக்குறா, நீங்கதானே அந்தக் கல்யாணத்துலன்னு. நீங்க எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகும்? எங்க போச்சோ அங்க போய் வாங்கிட்டு வாங்க."

நியாயம்.

ஜூன் 25, புதன்

கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடந்தோம். நானும் வாசுவும். அவனை விடவில்லை. வழியெல்லாம் "அண்ணி, நான் எதுக்கு, அண்ணி, நான் வெளிய நிக்கிறேனே" என்று வந்தான். வாயை மூடிட்டு வாடா என்றேன், ரயிலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குரு சார் உட்காரச் சொன்னார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. நஷ்டஈடு பேச வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல. நான் சொன்னேன். பெட்டியைச் சரியாகத்தான் கட்டினார் அந்த அம்மா. பெயர் எழுத விடாதவள் நான். கயிறு வாங்காதது என் கணவர். மாற்றி ஏற்றியது இவன்.

"சொல்லு வாசு."

வாசு தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் சார் மாத்தி ஏத்திட்டேன்" என்றான்.

"இப்ப என்ன, அந்தம்மாகிட்ட நான் மன்னிப்பு கேக்கணுமா?"

"கேக்க வேண்டாம் சார். வாட்ஸ்அப்ல போட்டதை மட்டும் திருத்திப் போடுங்க. அவங்க கைல தப்பு இல்லன்னு. கடையத் திட்டுங்க, என்னைத் திட்டுங்க, பேர் போட்டே திட்டுங்க. அவங்களை விட்டுடுங்க."

குரு சார் போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் மனைவிதான் உள்ளேயிருந்து வந்தார். 'அதான்' சொன்ன அம்மா. அவர் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தது! எதிரே பார்த்தால் என் வயதுதான், என் மாதிரியே நெற்றியில் விபூதி.

"ஒங்க வீட்டுக் கல்யாணத்துல எள்ளு வந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டார்.

"அதேதான் சொல்லியிருப்பேன்" என்றேன். "அதனாலதான் வந்தேன்."

எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பிறகு கணவரிடம், "போனை எடுங்க" என்றார். அவர் தயங்கினார். "எடுங்கன்னா. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

ஜூலை 1, செவ்வாய்

ஒன்பது அடிக்கும்போது அக்கா வந்தார். இவர் வாசலில் நின்று "வாங்கக்கா" என்றார். "வரேன் தம்பி" என்றார். இன்னும் தம்பிதான். இவருக்குச் சுருக்கென்றது, முகத்தில் தெரிந்தது. நன்றாக வேண்டும்.

பட்டியலைப் பார்த்தார். அலமாரிக் கோடுகளைப் பார்த்தார். சங்கிலி போட்ட புத்தகத்தை இழுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"பெட்டி மேல கையெழுத்து ஏன் இப்படிக் கோணலா இருக்கு? இத யாரு எழுதுனது?"

நான்தான் என்றேன்.

"இன்னும் நாலு எழுதுனா சரியாப் போயிடும்."

ஜூலை 11, வெள்ளி

ஞாயிறுக்குக் கல்யாணச் செட் நான்கு, கருமாதிச் செட் ஒன்று. நான்கையும் அக்கா கட்டினார். கருமாதியை நான் கட்டினேன்.